குக்கியில் ஒரு திகதிப் பிழை



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை கேட்கப்படும்போதெல்லாம் இலக்கணத்தைப் பற்றியோ கணிதத்தைப் பற்றியோ எழுதுவது என் வழக்கம். இம்முறை கணினி தொடர்பான பாடம் ஒன்றை எழுதுகிறேன். 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நமது பள்ளியின் இணையத்தளத்தில் ஏற்பட்ட ஒரு பிழையே அதற்குக் காரணம். அது இயந்திரத்தின் பிழையன்று. நான் எழுதிய ஒரு வரியில் இருந்த பிழை. அதன் பயனாக மாணவன் ஒருவன் வகுப்பின் முன்னிலையில் பொய்யன் எனப்பட்டான். நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் குக்கி என்றால் என்ன என்பதை அறிதல் வேண்டும்.

இணையம் மறதி மிக்கது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, உங்கள் கணினியிலுள்ள உலாவி, தொலைவில் இருக்கும் வழங்கி என்னும் கணினியிடம் அப்பக்கத்தைக் கேட்கிறது. வழங்கி அதைக் கொடுக்கிறது. கொடுத்த கையோடு உங்களை மறந்தும் விடுகிறது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நீங்கள் அதற்கு முன்பின் அறியாத புதியவர். நூலகத்தில் ஒவ்வொரு நூலை எடுப்பதற்கும் வாசலுக்குத் திரும்பிச் சென்று பெயரும் முகவரியும் சொல்லிவிட்டு வரவேண்டுமாயின் எவ்வளவு தொல்லையாக இருக்கும்! இணையத்தின் தொடக்கக் காலம் அவ்வாறுதான் இருந்தது.

1994ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்ருல்லி என்னும் பொறியியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். பொருள் விற்கும் தளம் ஒன்று, வாங்குவோர் கூடையில் இட்ட பொருள்களின் விபரத்தைத் தன்னிடம் வைத்திராமல் வாங்குவோரின் கணினியிலேயே வைத்திருக்க விரும்பியது. மொன்ருல்லி கண்ட விடை மிக எளிது. வழங்கி ஒரு சிறு எழுத்துத் துண்டை உலாவியிடம் கொடுக்கும்; உலாவி அதை வைத்திருந்து, மறுமுறை அத்தளத்துக்குச் செல்லும்போதெல்லாம் திரும்பக் காட்டும். இத்தகைய துண்டுகளை யுனிக்ஸ் நிரலாளர்கள் முன்பே ‘மாயக் குக்கி’ என்று அழைத்து வந்தனர். அப்பெயரிலிருந்து இதற்கும் குக்கி என்னும் பெயர் வந்தது. உண்பதற்கு உதவாத குக்கி என்று முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

வவுனியாவில் ‘பாஸ்’ எடுத்து வாழ்ந்த பெற்றோருக்குக் குக்கியை விளக்குவதற்கு அரை நிமிடம் போதும். கையில் ஒரு துண்டு. அதில் ஓர் இலக்கம். இலக்கத்தின் கீழ் ஒரு திகதி. திகதி கடந்தால் துண்டு செல்லாது. நீங்கள் நேற்று வந்த அதே ஆள்தான் என்றாலும் செல்லாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பாஸைப் பார்த்துச் செல்லாது என்று சொன்னவர் காவலரணில் நின்றவர். குக்கியிலோ, துண்டை வைத்திருக்கும் உலாவியே திகதியைப் பார்க்கிறது. கடந்துவிட்டதாயின் ஒருவரிடமும் சொல்லாமல் தானே அதை எறிந்துவிடுகிறது.

திகதி எதுவும் எழுதப்படாத குக்கி, பொதுவாக உலாவியை மூடும்வரை இருக்கும். நீண்ட காலம் இருக்கவேண்டுமாயின் முடிவுத் திகதி எழுதவேண்டும். (எவ்வளவு நீண்ட காலம் என்பதற்கும் எல்லை உண்டு. குறோம் உலாவி 2022ஆம் ஆண்டிலிருந்து எந்தக் குக்கியையும் 400 நாட்களுக்கு மேல் வைத்திருக்க உடன்படுவதில்லை.) குக்கியை அழிப்பதற்கு வழங்கியிடம் ‘அழி’ என்னும் கட்டளை இல்லை என்பதையும் கவனியுங்கள். அதே குக்கியைக் கடந்துபோன ஒரு திகதியுடன் மீண்டும் அனுப்பவேண்டும். பலர் 1970 ஜனவரி 1 என்று எழுதுவர். உலாவி அதைப் பார்த்ததும் எறிந்துவிடும். நீங்கள் ‘வெளியேறு’ என்பதை அழுத்தும்போது நிகழ்வது பெரும்பாலும் இதுதான். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

அத்திகதியை எழுதுவதற்கு ஒரு விதி உண்டு. கிழமை, நாள், மாதம், ஆண்டு, மணி, நிமிடம், செக்கன் என்று வரிசையாக எழுதி, இறுதியில் ஜி.எம்.ரி என்னும் மூன்று எழுத்துகளைச் சேர்க்கவேண்டும். இம்மூன்று எழுத்துகளும் அலங்காரத்துக்காக எழுதப்படுவன அல்ல. மேலே சொன்ன மணியும் நிமிடமும் இங்கிலாந்தின் கிறீனிச் நகரத்து நேரப்படி எழுதப்பட்டவை என்பதற்கு அவை உறுதிமொழி.

முற்காலத்தில் பெரும்பாலும் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும்போதே நண்பகல் என்று கொண்டது. புகைவண்டி வந்தபின் அது இடராயிற்று. நாம் வாழும் ரொறன்ரோ நகரில் 1879ஆம் ஆண்டு சான்போர்ட் பிளெமிங் என்னும் புகைவண்டிப் பொறியியலாளர் ஓர் உரை நிகழ்த்தி, உலகத்தை 24 நேர வலயங்களாகப் பகுக்கலாம் என எடுத்துரைத்தார். 1884இல் வாஷிங்ரனில் கூடிய நாடுகள் கிறீனிச் ஊடாகச் செல்லும் கோட்டைத் தொடக்கமாக ஏற்றுக்கொண்டன. இன்று ரொறன்ரோ குளிர்காலத்தில் கிறீனிச்சுக்கு 5 மணித்தியாலம் பின்னே நிற்கிறது. கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்துவதால் 4 மணித்தியாலம் பின்னே நிற்கிறது.

இனி நமது பள்ளியின் கதைக்கு வருவோம்.

ஊரில் கணிதம் படிப்பித்தவன் நான். இங்கு வந்தபின் மாலை வகுப்பொன்றில் பி.எச்.பி என்னும் கணினி மொழியைக் கற்றேன். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் நமது பள்ளித் தளத்தில் மாணவரும் பெற்றோரும் கடவுச்சொல் கொடுத்து உள்நுழைவதற்கான பகுதியை நானே எழுதினேன். வரவு பார்க்கலாம், ஒப்படைகளைச் சமர்ப்பிக்கலாம். ஒருமுறை உள்நுழைந்தவர் 5 மணித்தியாலம் உள்ளே இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். சனிக்கிழமை காலை நுழைந்தால் வகுப்புகள் முடிந்து வீடு செல்லும்வரை போதுமல்லவா?

செப்ரெம்பரில் ஒரு தாயார் என்னிடம், ஒரு மணித்தியாலம் சென்றதும் கடவுச்சொல்லை மீண்டும் கேட்கிறது என்று முறையிட்டார். அது 5 மணித்தியாலம் தரும், வேறு எதையோ அழுத்தியிருப்பீர்கள் என்று விடை சொன்னேன். அவர் மறுக்கவில்லை. நானும் சென்று பார்க்கவில்லை. பிழை என் வாசலில் வந்து நின்று கதவைத் தட்டியது அன்றுதான்.

நவம்பர் 6ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, கோடை நேரம் முடிந்து மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் பின்னே நகர்ந்தன. அந்த வாரம் புதன்கிழமை எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஓர் ஒப்படையைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒருவன் மட்டும் சமர்ப்பிக்கவில்லை. மற்றவர்கள் பெரும்பாலோர் முந்திய வாரமே முடித்திருந்தனர் என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை வகுப்பில் காரணம் கேட்டேன்.

“சேர், புதன்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு எத்தனை தரம் போட்டனான். உள்ள விட்டுட்டு உடனே வெளியில விடுது” என்றான்.

நான் மடிக்கணினியைத் திறந்து வழங்கியின் பதிவேட்டைப் பார்த்தேன். யார் எப்போது வந்தார் என்று வழங்கி தானே எழுதிவைக்கும் குறிப்பு அது. அவனுடைய பெயரில் 11 பதிவுகள் இருந்தன. பதினொன்றிலும் கடவுச்சொல் சரியென்று ஏற்கப்பட்டிருந்தது. நேரமோ வியாழக்கிழமை, நவம்பர் 10, 00:02 முதல் 00:41 வரை. அதாவது நள்ளிரவு கடந்து. “உள்ளே போயிருக்கிறாய், ஒப்படையைப் போடவில்லை. அதுவும் பாதிச் சாமத்தில் விழித்திருந்து முயன்றுவிட்டு ஏழு மணி என்கிறாய். இயந்திரம் பொய் சொல்லாது” என்றேன். வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் அந்த நேரம் நித்திரை, சேர்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

பதினொரு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு, பொய் சொல்லும் பிள்ளையின் குரல் எது, சொல்லாத பிள்ளையின் குரல் எது என்று ஓரளவு தெரியும். அன்று மாலை வீட்டில் எனக்கு உணவு இறங்கவில்லை. சுவர் மணிக்கூட்டில் மணி 6.30. வழமையாக நான் தளத்தின் பின்வாசலால் நுழைந்து திருத்தங்கள் செய்பவன்; பெற்றோரின் வாசலால் நுழைவதில்லை. அன்று முதன்முறையாக ஒரு பெற்றோரைப் போல நுழைந்தேன். கடவுச்சொல் ஏற்கப்பட்டது. அடுத்த பக்கத்தைத் திறந்தேன். கடவுச்சொல்லைக் கொடு என்றது. மீண்டும் கொடுத்தேன். மீண்டும் கேட்டது. அப்பிள்ளை சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை.

பதிவேட்டைத் திறந்தேன். சற்றுமுன் நான் நுழைந்தது 23:30 என்று எழுதப்பட்டிருந்தது. சுவரைப் பார்த்தேன், 6.30ஐத் தாண்டிச் சில நிமிடங்கள். அப்போதுதான் உறைத்தது. வழங்கி தன் பதிவேட்டைக் கிறீனிச் நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. நள்ளிரவு 00:02 என்று அது எழுதியது, ரொறன்ரோவில் புதன் மாலை 7.02. இயந்திரம் பொய் சொல்லவில்லை; அது எந்த ஊர் மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

நானோ இரண்டு நேரங்களுடன் வாழ்ந்து பழகியவன். 1996 மே மாதத்தில் இலங்கை அரசு மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் அம்மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பும்வரை, எங்களுக்குப் பழைய நேரம், வவுனியாவில் புதிய நேரம். 2002இல் ஏ-9 வீதி திறந்தபின், இளம் ஆசிரியனாக ஓர் அலுவலுக்காக வவுனியா சென்றேன். நண்பகல் 12 மணிக்கு முன் வரும்படி கடிதத்தில் இருந்தது. ஓமந்தையைத் தாண்டி விழுந்தடித்து ஓடி, என் கைமணிக்கூட்டில் 11.50க்கு வாசலில் நின்றேன். அவர்களுடைய சுவரில் 12.20. பிந்திவிட்டேன் என்று எழுதுவினைஞர் சொன்னார்; பிந்தவில்லை என்று நான் சொன்னேன். இருவரும் உண்மை பேசினோம். அன்று என்னைப் பொய்யனாகப் பார்த்த அந்தப் பார்வையை நான் இருபது ஆண்டுகள் மறக்கவில்லை. அதே பார்வையைத்தான் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை மீது வைத்திருக்கிறேன் என்பதும் அந்த இரவில்தான் விளங்கியது.

பதிவேடு புரிந்துவிட்டது. ஆனால் குக்கி ஏன் நிலைக்கவில்லை? பதிவேட்டுக்கும் சுவருக்கும் இடையே 5 மணித்தியாலம். குக்கிக்கு நான் கொடுத்த ஆயுளும் 5 மணித்தியாலம். இரண்டு ஐந்துகளும் சந்தித்த இடத்தைத் தேடினேன்.

பி.எச்.பி மொழியில் திகதி எழுத இரண்டு கட்டளைகள் உண்டு. ‘டேற்’ என்பது உள்ளூர் நேரத்தை எழுதும். ‘ஜிஎம்டேற்’ என்பது கிறீனிச் நேரத்தை எழுதும். நான் எங்கள் நிரலுக்கு உள்ளூர் நேரம் ரொறன்ரோ நேரம் என்று சொல்லிவைத்திருந்தேன்; முடிவுத் திகதியை ‘டேற்’ கட்டளையால் எழுதிவிட்டு, விதி கேட்கிறதே என்று வாலில் ஜி.எம்.ரி என்னும் மூன்று எழுத்துகளையும் என் கையால் ஒட்டியிருந்தேன். ரொறன்ரோ நேரத்துக்குக் கிறீனிச் முத்திரை!

விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். கோடையில் மாலை 7 மணிக்கு ஒருவர் நுழைகிறார். ஐந்தைக் கூட்டி, நள்ளிரவு 00:00 ஜி.எம்.ரி என்று குக்கி எழுதப்படுகிறது. அந்த வேளையில் கிறீனிச்சில் மணி 23:00. ஆகவே குக்கிக்கு மிஞ்சிய ஆயுள் ஒரு மணித்தியாலம். செப்ரெம்பரில் அந்தத் தாயார் சொன்ன அதே ஒரு மணித்தியாலம். குளிர்காலத்தில் மாலை 7 மணிக்கு ஒருவர் நுழைகிறார். அதே போல 00:00 ஜி.எம்.ரி என்று எழுதப்படுகிறது. ஆனால் இப்போது கிறீனிச்சிலும் மணி 00:00. குக்கி பிறக்கும் செக்கனிலேயே அதன் முடிவுத் திகதி வந்துவிடுகிறது. குக்கியை அழிக்கக் கடந்த திகதியை அனுப்பவேண்டும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? என் நிரல் ஒவ்வொருவரையும் ‘வருக’ என்று சொல்லி, அதே மூச்சில் ‘வெளியேறுக’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால்தான் பதிவேட்டில் 11 முறையும் ‘ஏற்கப்பட்டது’ என்றிருந்தது. பிள்ளை 11 முறையும் வாசலுக்குள் கால் வைத்தது உண்மை. 11 முறையும் வெளியே நின்றதும் உண்மை.

திருத்தம் இரண்டு எழுத்துகள். ‘டேற்’ என்பதற்கு முன்னால் ஜி, எம். அவ்வளவுதான். அதனோடு ‘மாக்ஸ்-ஏஜ்’ என்னும் ஆயுள் அளவையும் சேர்த்தேன். அதற்கு மணிக்கூடும் ஊரும் தேவையில்லை. இத்தனை செக்கன் உயிரோடிரு என்று சொன்னால் போதும். 5 மணித்தியாலத்துக்கு 18,000 செக்கன். குக்கிகளுக்கென 2011இல் வெளியான விதிநூலின்படி, இரண்டும் எழுதப்பட்டிருந்தால் உலாவி திகதியை விட்டுவிட்டு இதையே பின்பற்றவேண்டும். இது இருக்கும்போது திகதி எதற்கு என்று மாணவி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பழைய உலாவிகள் சிலவற்றுக்கு இந்த அளவு தெரியாது. அவற்றுக்குத் திகதிதான் மொழி.

திகதியில் வேறு வழுக்கல்களும் உண்டு. நெற்ஸ்கேப் காலத்துக் குக்கிகளில் ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதும் வழக்கம் இருந்தது. 70 முதல் 99 வரை வந்தால் 1900ஐக் கூட்டு, 00 முதல் 69 வரை வந்தால் 2000ஐக் கூட்டு என்று அதற்கும் ஒரு விதி வைத்துச் சமாளித்தார்கள். நான்கு இலக்கத்திலேயே எழுதிப் பழகுங்கள்.

நாம் ரொறன்ரோவில் இருந்தபடியால் பிழை நம்மைக் கடித்தது. சூரிச்சிலுள்ள ஒரு தமிழ்ப் பள்ளியில் யாரேனும் இதே வரியை எழுதியிருந்தால், சூரிச் கிறீனிச்சுக்கு முன்னே நிற்பதால், குக்கி 5 மணித்தியாலத்துக்குப் பதிலாக 6 அல்லது 7 மணித்தியாலம் வாழ்ந்திருக்கும். கொழும்பில் எழுதியிருந்தால் பத்தரை மணித்தியாலம். ஒருவரும் முறையிட்டிருக்கமாட்டார்கள். நூலகத்துப் பொதுக் கணினியில் ஒரு தாயார் பிள்ளையின் விபரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே எழுந்து சென்றால், பின்னால் வந்து அமர்பவருக்கு நெடுநேரம் கதவு திறந்திருக்கும். என் கணிப்பில் அதுவே கூடிய தீங்கு. ஆகையால் முடிவு நேரத்தை உலாவியிடம் மட்டும் நம்பி ஒப்படைத்தல் ஆகாது. வழங்கியும் தன் புத்தகத்தில் அதைக் குறித்துவைத்து, வரும் ஒவ்வொரு குக்கியையும் அதனோடு ஒப்பிடவேண்டும். நமது தளத்தில் இப்போது அவ்வாறு செய்திருக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை, அதே வகுப்பில், அதே பிள்ளைகளின் முன்னிலையில் நடந்ததைச் சொன்னேன். அம்மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்து, பதிவேட்டிலுள்ள பதினொரு நேரங்களையும் எழுதி ஒவ்வொன்றிலும் ஐந்தைக் கழிக்கச் சொன்னேன். 7.02, 7.05, 7.09 என்று அவன் எழுதிக்கொண்டே போனான். பதினொன்றாவதை எழுதி முடித்ததும் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொன்னது பிழை, அவன் சொன்னது சரி என்று சொன்னேன். ஒப்படைக்குரிய புள்ளிகள் கொடுக்கப்பட்டன. அது சிறிய காரியம்.

வகுப்பு முடிந்தபின் பெற்றோரிடம், அந்த இரு வாரங்களில் வேறு எவருக்கேனும் இவ்வாறு நேர்ந்ததா என்று கேட்டேன். ஒன்பது கைகள் உயர்ந்தன. ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்றபோது ஒரு தாயார், “எங்களுக்குத்தான் இது விளங்கேல்லையாக்கும் எண்டு விட்டிட்டம், மாஸ்ரர்” என்றார். செப்ரெம்பரில் என்னிடம் வந்தவரும் அங்கு நின்றார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பெற்றோரே, கணினி உங்களை வெளியே விட்டால் தயவுசெய்து சொல்லுங்கள். நேரத்தையும் நாளையும் ஒரு துண்டில் எழுதிவந்தால் பேருதவியாக இருக்கும். அந்தப் பிள்ளை ஏழு மணி என்று சொல்லியிராவிட்டால் நான் இன்னும் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

2023 மார்ச் 12ஆம் திகதி மணிக்கூடுகள் முன்னே நகர்ந்தபோது, முதல்நாள் ஒருமுறையும் அன்று ஒருமுறையும் எட்டாம் வகுப்பு மாணவர் மூவர் சோதித்துப் பார்த்தனர். இரு நாட்களும் குக்கி சரியாக 5 மணித்தியாலம் இருந்தது.

மாணவர்களுக்குச் சில பயிற்சிகள்:

1. சூரிச்சில் ஜனவரி 15, மாலை 5 மணி. மேலே சொன்ன பிழையான நிரல், 5 மணித்தியால ஆயுளுடன் குக்கி எழுதுகிறது. குக்கியில் எழுதப்படும் மணி என்ன? அது உண்மையில் எத்தனை மணித்தியாலம் வாழும்?

2. கனடாவின் நியூபவுண்லாந்து தீவு குளிர்காலத்தில் கிறீனிச்சுக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னே நிற்கிறது. அங்கு இதே குக்கியின் ஆயுள் எவ்வளவு?

3. 2024 மார்ச் 10ஆம் திகதி வழங்கியின் பதிவேட்டில் 06:30 எனவும் 07:30 எனவும் இரண்டு பதிவுகள் உள்ளன. ரொறன்ரோ நேரப்படி அவை எவை? அன்று அதிகாலை 2.30 மணி எங்கே போயிற்று?

விடைகளைத் தாளில் எழுதிச் சனிக்கிழமை கொண்டு வாருங்கள். எந்த ஊர் நேரம் என்று குறிப்பிடாத விடைக்குப் புள்ளி இல்லை.